மூலமும் இல்லை, உரையும் இல்லை

எச்.சி.எல். நிறுவனம் தன்னைப் பற்றி வெளியிட்டுவந்த காலவரிசையில் ஒரு வரி உண்டு. 1980களின் இறுதியில் நுண்பூட்டுகள் கொண்ட பலசெயலி யுனிக்ஸ் இயங்குதளத்தைத் தாம் உருவாக்கியதாகவும், சன், எச்.பி. ஆகிய அமெரிக்க நிறுவனங்களை அதில் மூன்றாண்டுகள் முந்திவிட்டதாகவும் அந்த வரி சொல்கிறது. திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து கோவையில் பொறியியல் படித்த ஷிவ் நாடாரும் அவருடைய நண்பர்களும் 1976இல் தொடங்கிய நிறுவனம் அது. பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய செய்திதான். ஆனால் யார் எழுதினார்கள், எந்தச் செயலிக்காக எழுதினார்கள், எந்தப் பூட்டை எப்படிப் பிரித்தார்கள், எங்கே தடுமாறினார்கள் என்பவற்றில் ஒன்றைக்கூட அந்த வரி சொல்வதில்லை. வரி இருக்கிறது, வரலாறு இல்லை.

இலக்கிய இதழ் வாசிப்பவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்தக் கேள்வியோடுதான் நமக்குச் சண்டை. தமிழ் அறிவுச் சூழல் தன்னைப் பற்றி வைத்திருக்கும் ஓர் உயர்ந்த எண்ணத்தை இந்த ஒற்றை வரி கேலி செய்கிறது என்பதே நம் கட்சி.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடுவோம். மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். சமையற்கட்டில் ஒரே சமையற்காரர் இருக்கும்வரை குழப்பமில்லை. அரிசி, பருப்பு, நெய் எல்லாவற்றையும் உக்கிராணத்திலிருந்து அவரே எடுத்து அவரே சமைப்பார். பந்தி பெருகுகிறது. நான்கு சமையற்காரர்களை அமர்த்துகிறோம். சமையல் நான்கு மடங்கு வேகமாகுமா? ஆகாது. உக்கிராண அறைக்குச் சாவி ஒன்றே. ஒருவர் உள்ளே புகுந்தால் மற்ற மூவரும் கரண்டியோடு வாசலில் நிற்க வேண்டியதுதான். சாவியே வேண்டாம், எல்லோரும் எப்போதும் நுழையலாம் என்று விட்டால் வேறு கேடு வரும். எஞ்சியிருக்கும் ஒரு டின் நெய்யை இருவர் ஒரே சமயத்தில் கண்ணால் பார்த்து, இருவரும் அதை நம்பி இனிப்புக்கு அடுப்பேற்றிவிடுவார்கள்.

ஒரே நினைவகத்தைப் பல செயலிகள் பங்கிட்டுக்கொள்ளும் கணினியின் சிக்கல் இதுதான். பாண்டியன் எக்ஸ்பிரஸில் கடைசிப் படுக்கை ஒன்று மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செயலி ‘1’ என்று படிக்கிறது. அது கழித்து எழுதுவதற்குள் இன்னொரு செயலியும் ‘1’ என்று படித்துவிடுகிறது. இரண்டு சீட்டுகள், ஒரு படுக்கை. இதைத் தடுக்கவே படிப்பதையும் எழுதுவதையும் ஒரே மூச்சில், இடையில் யாரும் புக முடியாதபடி செய்யும் கட்டளைகளை வன்பொருளில் வைத்தார்கள். அவற்றின்மேல் இயங்குதளம் பூட்டுகளைக் கட்டியது. 1960களில் டைக்ஸ்ட்ரா ‘செமஃபோர்’ என்ற கருத்தை முன்வைத்தார். 1967இல் ஜீன் ஆம்டால் கசப்பான ஒரு கணக்கைச் சொன்னார். வேலையில் பத்தில் ஒரு பங்கை ஒருவர் மட்டுமே செய்தாக வேண்டுமென்றால், நான்கு செயலிகளைப் பூட்டினாலும் வேகம் மூன்று மடங்கை ஒட்டியே நிற்கும். ஆயிரம் செயலிகளைப் பூட்டினாலும் பத்து மடங்கை எட்டாது. அந்தப் பத்தில் ஒரு பங்கு பெரும்பாலும் எங்கே ஒளிந்திருக்கும்? இயங்குதளத்துக்குள், உக்கிராண வாசலில்.

ஆகவே பலசெயலி இயந்திரத்தின் கதை இரும்பின் கதையாக இருப்பதைவிட மென்பொருளின் கதையாக இருப்பதே அதிகம். பரோஸ் நிறுவனம் 1962இல் அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்த டி825 நான்கு செயலிகள்வரை ஏற்றது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1970களில் 16 சிறுகணினிகளை ஒரே நினைவகத்தோடு கோத்து, ஹைட்ரா என்ற இயங்குதளத்தை எழுதினார்கள். யுனிக்ஸோ ஒற்றைச் செயலிக்கென்று பிறந்த பிள்ளை. 1980களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தார் இரண்டு வேக்ஸ் செயலிகளை இணைத்தபோது ஒன்றை எசமானாகவும் மற்றதை ஏவலாளாகவும் வைத்தார்கள். கெர்னல் என்னும் உட்கருவுக்குள் நுழையும் உரிமை எசமானுக்கு மட்டுமே இருந்தது. டெக் நிறுவனத்தின் 1982ஆம் ஆண்டு இரட்டைச் செயலி வேக்ஸிலும் இதே சாதி வேற்றுமைதான்; 1988இல் வந்த வி.எம்.எஸ். ஐந்தாம் பதிப்பில்தான் அங்கே செயலிகளுக்குள் சமத்துவம் வந்தது. யுனிக்ஸ் உலகில் 1984இல் சீக்வென்ட் நிறுவனம் தன் டைனிக்ஸ் இயங்குதளத்தோடு இறங்கியது. பல செயலிகள், அனைத்துக்கும் சம உரிமை, ஒவ்வொரு பண்டத்துக்கும் தனிப்பூட்டு.

ஒற்றைச் சாவியை உடைத்துப் பல சாவிகளாக்குவது எளிய காரியமன்று. அரிசிச் சாவியை வைத்துக்கொண்டு ஒருவர் பருப்புச் சாவிக்குக் காத்திருக்க, பருப்புச் சாவியை வைத்திருப்பவர் அரிசிச் சாவிக்குக் காத்திருந்தால் கல்யாணமே நின்றுபோகும். எந்தச் சாவியை எந்த வரிசையில் எடுப்பது என்ற ஒழுங்கை ஆயிரக்கணக்கான வரிகளிலும் பிசகாமல் காக்க வேண்டும். பிசகினால் அந்தப் பிழை நூறு முறை ஓட்டினாலும் தலைகாட்டாது. நூற்றோராம் முறை, மாதக் கடைசி நாளில், வங்கியில் தலைகாட்டும். சன் நிறுவனம் 1991இல் பலசெயலி இயந்திரத்தை விற்கத் தொடங்கியபோது அதன் உட்கருவுக்கு ஒரே பெரும்பூட்டுதான்; நுண்பூட்டுகள் அடுத்துவந்த சோலாரிஸ் 2 வரிசையில்தான் வந்தன. லினக்ஸ் 1996இல் தன் 2.0 பதிப்பில் ஒரே பெரும்பூட்டோடு பலசெயலிக்குள் நுழைந்தது. அந்தப் பூட்டை அடியோடு அகற்ற 2011 ஆயிற்று. உலகெங்குமுள்ள கைகள் சேர்ந்தும் 15 ஆண்டுகள்.

இப்போது அந்த ஒற்றை வரிக்குத் திரும்புவோம். 1980களின் இந்தியாவில், இறக்குமதித் தடைகளுக்கும் அந்நியச் செலாவணிப் பஞ்சத்துக்கும் நடுவே, இந்த வேலையை இங்கே சிலர் செய்தார்கள் என்றால் அதற்குக் காரணங்கள் இருந்தன. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் நெருக்கடியில் 1978இல் ஐ.பி.எம். இந்தியாவைவிட்டு வெளியேறியது. அந்த வெற்றிடத்தில் உள்நாட்டு நிறுவனங்கள் முளைத்தன. 1984இல் அறிக்கை அளித்த ரங்கராஜன் குழுவை அடுத்து வங்கிகள் கணினிமயமாகத் தொடங்கின. யுனிக்ஸ் ஓடும் இயந்திரங்களுக்கு அங்கே சந்தை பிறந்தது. பெரிய கணினியை வெளியிலிருந்து வாங்க முடியாதவன் சிறிய செயலிகளை வாங்கி ஒரே பலகையில் கோக்கத்தான் முயல்வான். பெரியதை வாங்கவும் விடவில்லை என்பதற்கு அரசே சாட்சி. பருவமழைக் கணிப்புக்காக இந்தியா கேட்டது கிரே எக்ஸ்.எம்.பி.24, அதாவது இரண்டு செயலிகள் கொண்ட இயந்திரம். நீண்ட இழுபறிக்குப்பின் அமெரிக்கா தந்தது எக்ஸ்.எம்.பி.14, ஒற்றைச் செயலி. பலசெயலி என்பது அன்றைக்கு வெறும் பொறியியல் சொல்லன்று, அரசியல் சொல். அந்த அவமதிப்பின் சூழலில்தான் 1988இல் சி-டாக் தொடங்கப்பட்டது. 1991இல் பரம் 8000 வந்தது. அதற்கு முன்பே, 1986இல், பெங்களூரில் தேசிய விண்வெளி ஆய்வகத்தார் ஃப்ளோசால்வரை இயக்கியிருந்தார்கள்.

இந்த வரலாற்றுக்கு நம்மிடையே இரண்டு வகையான எதிர்வினைகள் உண்டு. ஒரு சாரார் அந்த வரியைத் தூக்கிப்பிடித்து, உலகுக்கே நாம்தான் முதலில் பலசெயலி யுனிக்ஸ் தந்தோம் என்பார்கள். வரியைக்கூட அவர்கள் ஒழுங்காகப் படிப்பதில்லை. அது சன்னையும் எச்.பி.யையும் முந்தியதாகச் சொல்கிறதே தவிர, உலகை முந்தியதாகச் சொல்லவில்லை. சீக்வென்ட் 1984லேயே களத்தில் இருந்தது. மறு சாரார், இந்தியனாவது உட்கருவாவது, எங்கிருந்தோ உரிமம் வாங்கி ஒட்டுப்போட்டிருப்பான் என்று உதட்டைச் சுழிப்பார்கள். அவர்கள் கையிலும் சான்று கிடையாது. பறைசாற்றுபவருக்கும் பழிப்பவருக்கும் சான்று தேவைப்படவில்லை என்பதில் இருவரும் சகோதரர்கள். சான்று இருந்தால் இருவருக்குமே பிழைப்புக் கெட்டுவிடும்.

சான்று என்றால் என்ன என்பதற்கு நாம் மேற்கே போகவேண்டியதில்லை. அடையாறு போனால் போதும். 1886இல் ஆல்காட் நிறுவிய அடையாறு நூலகத்தில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அங்கிருந்து சிறிது தெற்கே, பெசன்ட் நகரில், 1943இல் தொடங்கப்பட்ட உ.வே.சா. நூல்நிலையம். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த அச்சுச் செல்வம் 1994இல் நூலகமாகி, இன்று தரமணியில் இருக்கிறது. சினிமாப் பாட்டுப் புத்தகமும் நாடக நோட்டீசும்கூட அங்கே ஆவணம். உ.வே.சா. 1887இல் சிந்தாமணியை அச்சேற்றியபோது மூலத்தை மட்டும் தரவில்லை. நச்சினார்க்கினியர் உரையோடு தந்தார். பாடபேதம் குறிக்காத பதிப்பை நாம் இன்றும் மதிப்பதில்லை. ஒரு சொல்லுக்கு எந்த ஏட்டில் எந்தப் பாடம் என்று மயிர்பிளக்கும் சமூகம் இது. அந்தச் சமூகமே, தன் காலத்தில் தன் நாட்டவர் எழுதிய இயங்குதளத்துக்கு மூலமும் இல்லாமல் உரையும் இல்லாமல், கம்பெனியின் காலவரிசையில் ஒரு வரி கிடைத்ததே போதுமென்று இருந்துவிடுகிறது.

உரை என்ற சொல்லை அணிக்காகச் சொல்லவில்லை. 1970களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜான் லயன்ஸ், யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் உட்கருவை முழுவதுமாக ஒரு நூலாகவும், அதற்கு வரிவரியாக விளக்கத்தை இன்னொரு நூலாகவும் தன் மாணவர்களுக்குத் தொகுத்தார். மூலம், உரை. நம் மரபேதான். அடுத்த பதிப்பின் உரிமம் வகுப்பில் மூலநிரலைப் பாடமாக வைப்பதைத் தடுத்தது; லயன்ஸின் நூல்கள் படிக்குப் படி ஒளிநகலாகி உலகைச் சுற்றின. 1996இல்தான் முறையாக அச்சாயின. தடைசெய்யப்பட்ட நூலை நகலெடுத்துக் கைமாற்றும் வேட்கையைச் சிற்றிதழ்க்காரர்களாகிய நாம் புரிந்துகொள்ள மாட்டோமா? இயங்குதளமும் ஒரு பிரதி. மனிதர்கள் எழுதியது, திருத்தியது, சண்டையிட்டது. அதற்கும் பதிப்பு உண்டு, பாடபேதம் உண்டு, ஆசிரியர் உண்டு.

ஆவணம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 2003இல் எஸ்.சி.ஓ. என்ற நிறுவனம் ஐ.பி.எம்.மீது வழக்குத் தொடுத்தது. யுனிக்ஸின் சொத்து லினக்ஸுக்குள் கடத்தப்பட்டுவிட்டது என்பது புகார். பல செயலிகளைக் கட்டி மேய்க்கும் திறன் அப்படியல்லாமல் லினக்ஸுக்கு வாய்த்திருக்க முடியாது என்பது அதன் வாதங்களில் ஒன்று. பொழுதுபோக்குக்காக எழுதுகிறவர்களால் இதெல்லாம் ஆகுமா என்ற அதே உதட்டுச் சுழிப்பு! அந்த நிறுவனத்தின் முந்தைய பெயர் கால்டெரா. லினக்ஸின் முதல் பலசெயலி முயற்சிக்காக ஆலன் காக்ஸுக்கு இரட்டைப் பென்டியம் பலகையைக் கொடுத்து உதவியதே கால்டெராதான். இதை உலகம் எப்படி எடுத்துக்காட்டியது? ஒவ்வொரு நிரல்மாற்றமும், அதைப் பற்றிய ஒவ்வொரு விவாதமும் பெயரோடும் தேதியோடும் பொதுவில் இருந்தன. அந்தப் பொதுப் பதிவில்தான் ஓர் இந்தியப் பெயரும் இருக்கிறது. பூட்டே இல்லாமல் படிக்கவிடும் ஆர்.சி.யு. என்னும் உத்தி சீக்வென்ட்டில் பால் மெக்கென்னி முதலானோர் வளர்த்தது. அது 2002இல் லினக்ஸுக்குள் வந்தபோது அதில் பெரும்பங்கு ஐ.பி.எம்.மின் பெங்களூர்க் குழுவைச் சேர்ந்த தீபங்கர் சர்மாவுக்கு உரியது. இதைச் சொல்ல எந்தக் காலவரிசையின் தயவும் நமக்குத் தேவையில்லை, நிரலே சாட்சி. மூடிய அறைக்குள் அதே அளவு உழைத்தவர்களின் பெயர்களோ ஓய்வூதியக் கோப்புகளோடு முடிந்துபோகின்றன.

நம் ஊரிலேயே இதன் மறுபக்கமும் இருக்கிறது. ரோஜா முத்தையா நூலகம் இருக்கும் அதே தரமணியில், கூப்பிடு தொலைவில், கணித அறிவியல் நிறுவனம். 2004இல் அங்குள்ள இயற்பியலாளர்கள் கப்ரு என்ற கணினித் தொகுப்பை அமைத்தார்கள். 144 கணுக்கள், கணுவுக்கு இரண்டு ஜியான் செயலிகள், எல்லாம் லினக்ஸில். நொடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடிக் கணக்குகள் என்ற வேகத்தைத் தொட்டு, அவ்வாண்டு ஜூனில் உலகின் முதல் 500 கணினிகளின் பட்டியலில் அது இடம்பெற்றது. பட்டியல் இன்றும் இருக்கிறது, எவரும் சரிபார்க்கலாம். 2018இல் கிண்டியை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தில் உருவான ஷக்தி செயலியில் லினக்ஸ் ஓடியது. அதன் வடிவமைப்பே பொதுவில் கிடைக்கிறது. திறந்துவைத்தவை நிலைக்கின்றன என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டாம்.

‘பழைய இரும்பு எதற்கு?’ என்பது அடுத்த மறுப்பு. மூர் மார்க்கெட்டை எண்ணிப்பாருங்கள். 1985இல் அது எரிந்தபோது பழைய புத்தகங்களுக்காக அழாத எழுத்தாளர் இந்நகரில் இல்லை. அந்த இடத்தில் எழுந்த ரயில்வே வளாகத்தில் கணினி முன்பதிவு மையம் வந்தது. சி.எம்.சி. நிறுவனத்துப் பொறியாளர்கள் வேக்ஸ் இயந்திரங்களுக்காக எழுதிய முன்பதிவு முறை 1980களின் பிற்பாதியில் டெல்லியில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. 1999இல் நாடு தழுவிய ஒரே வலையமைப்பாக இணைக்கப்பட்டது. நள்ளிரவில் வரிசையில் துண்டு போட்டு இடம்பிடித்த ஒரு தலைமுறையின் வாழ்க்கையை மாற்றிய பிரதி அது. எரிந்த புத்தகத்துக்கு அழுத நாம் அந்தப் பிரதியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறோமா? தமிழ் வாசகனுக்குக் கணினியை விளக்க சுஜாதா இருந்தார். விளக்கம் வேறு, வரலாறு வேறு. அவரோடு விளக்கமும் பெரும்பாலும் நின்றது. வரலாறு தொடங்கவே இல்லை.

சட்டமும் கைகொடுப்பதில்லை. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் நூலையும் துண்டுப்பிரசுரத்தையும் மட்டுமல்ல, தனியே அச்சான இசைத்தாளையும் வரைபடத்தையும்கூட நினைவில் வைத்து எழுதப்பட்டது. அதன்படி கன்னிமாராவுக்குப் படி போக வேண்டும். நிரல் அதன் கண்ணில் பட்டிருக்க நியாயமில்லை. ஆனால் எழுபது ஆண்டுகளாக நம் கண்ணிலும் படவில்லையே!

கடைசி மறுப்பு, ‘வணிக ரகசியம்’. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஓடி நின்ற இயந்திரத்தின் உட்கருவில் என்ன ரகசியம் மிஞ்சும்? அதே கால்டெரா 2002இல் பழைய யுனிக்ஸ் பதிப்புகளின் மூலத்தைத் திறந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டே 2014இல் தொடக்ககால எம்.எஸ்.டாஸின் மூலத்தைக் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் வழியே பார்வைக்கு வைத்தது. நம் நிறுவனங்களுக்கு அவற்றைவிடக் கூச்சம் ஏன்? யுனிக்ஸ் உரிமம் வாங்கிச் செய்த பகுதிகளை வெளியிடுவதில் சட்டச் சிக்கல் இருக்குமாயின், கையேடுகளையும் வடிவமைப்புக் குறிப்புகளையும் தரட்டும். தாமே எழுதியதைத் தாமே விளக்கட்டும்.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. அந்தத் தலைமுறைப் பொறியாளர்கள் இன்று எழுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் இதே அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் காலை நடை போகிறார்கள். அவர்களை உட்காரவைத்துப் பேசச்செய்து பதிவுசெய்ய ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவரும் போதும். அலமாரியில் கிடக்கும் கையேடுகள் காயலான் கடைக்குப் போகுமுன் தரமணி நூலகத்துக்குப் போகட்டும். நாடக நோட்டீசுக்கு இடம் கொடுத்த நூலகம் நிரல் கையேட்டுக்கும் கொடுக்கட்டும். காந்த நாடாக்கள் ஓலையைப்போல முந்நூறு ஆண்டுகள் பொறுக்காது. முப்பது ஆண்டுகளிலேயே அவற்றின் பூச்சு உரியத் தொடங்கிவிடும். உ.வே.சா.வுக்குக் கறையான் அவகாசம் கொடுத்தது. நமக்கு அந்த அவகாசமும் இல்லை.

இலக்கிய இதழ்களுக்கும் ஒரு வார்த்தை. பின்நவீனத்துவம் முதல் பெருங்கதையாடல்வரை அத்தனை இறக்குமதிச் சொற்களையும் சுங்கம் கட்டாமல் உள்ளே விட்ட நாம், நம்மவர் உழைப்பில் உருவான ஒரு பிரதியை ‘தொழில்நுட்பம்’ என்று முத்திரை குத்தி வாசலிலேயே நிறுத்திவிட்டோம். அந்தப் பூட்டை எந்த அமெரிக்க நிறுவனமும் போடவில்லை. போட்டது நாம், சாவியும் நம் இடுப்பில்தான் இருக்கிறது.